மாறாத வருத்தமும் தணிக்கக்கூடிய வேதனையும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். ஒப்படையை ஏன் தரவில்லை என்று கேட்கத்தான் நான் அவளை அழைத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “டீச்சர், வாப்பாவுடைய வருத்தம் இனி மாறாதாம். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. இனி நாங்க என்ன செய்யிற?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை போதாது. அதனால் இக்கட்டுரையை எழுதுகிறேன். இதே கேள்வியை எங்கள் கரவெட்டி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு விடை சொல்ல எவரும் இருக்கவில்லை. நான் விட்ட பிழைகளால் அதன் விலையை அம்மாதான் கொடுத்தார். அன்பு மாணவிகளே, பெற்றோர்களே, அந்தப் பிழைகள் உங்கள் வீட்டில் நடவாதிருக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த இடத்தில் தொடங்குவது

‘இனிச் செய்ய ஒன்றுமில்லை’ என்பது எங்கள் நாட்டில் அடிக்கடி காதில் விழும் வசனம். அது முழு உண்மை அல்ல. நோயை மாற்றுவதற்குச் செய்யக்கூடியது முடிந்திருக்கலாம். நோயாளிக்குச் செய்யக்கூடியது முடிவதில்லை. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, நித்திரையின்மை, பயம், மனக்குறை ஆகியவற்றைத் தணித்து, எஞ்சிய நாட்களை மனிதராக வாழவைக்கும் மருத்துவத் துறைக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். அதன் இறுதிக் கட்டத்தை ஹொஸ்பிஸ் பராமரிப்பு என்பர்.

ஹொஸ்பிஸ் என்ற சொல் பழங்கால ஐரோப்பாவில் வழிப்போக்கர் தங்கும் விடுதியைக் குறித்தது. வடமராட்சியில் வளர்ந்த எனக்கு அதை விளங்கிக்கொள்ள அகராதி தேவைப்படவில்லை. பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கல்லால் கட்டப்பட்ட தெருமூடிமடம் இருக்கிறது. எங்கள் பழைய வீதிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி, களை ஆறி, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். சுமைதாங்கி பயணத்தை நிறுத்துவதில்லை, சுமையைச் சற்றுத் தாங்குகிறது. ஹொஸ்பிஸ் பராமரிப்பின் வேலையும் அதுதான். உலக சுகாதார நிறுவனம் இப்பராமரிப்பை விளக்கும்போது, அது மரணத்தை விரைவுபடுத்துவதுமில்லை, பின்போடுவதுமில்லை என்கிறது. எந்தச் சமயத்தவராயினும் மனதில் இருத்தவேண்டிய விளக்கம் இது.

இத்துறையின் நவீன வடிவத்தைத் தொடக்கிவைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சோண்டர்ஸ் (1918–2005) என்ற பெண்மணி. முதலில் தாதியாகப் பயிற்சி பெற்றார். முதுகு வருத்தத்தால் அந்த வேலையைத் தொடர முடியாமல் வைத்தியசாலைச் சமூகசேவையாளரானார். அங்கே போலந்திலிருந்து அகதியாக வந்து புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்பவரைப் பராமரித்தார். 1948இல் அவர் இறந்தபோது, சோண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு யன்னலாக இருக்க விரும்புவதாகக் கூறி 500 பவுண் விட்டுச்சென்றார். நோயாளியின் வலியைப் பற்றிப் பேசினால் வைத்தியர்கள் செவிகொடுக்க வேண்டும் என்பதற்காகவே சோண்டர்ஸ் மருத்துவம் படித்து, 1957இல் வைத்தியரானார். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. உடல்வலி, மனவலி, உறவுகளால் வரும் வலி, ஆன்மிக வலி ஆகிய நான்கும் சேர்ந்ததே முழு வலி என்பது அவர் கற்பித்த முதன்மையான பாடம். அந்த நான்கையும் நான் அம்மாவின் கட்டிலருகேதான் கற்றேன்.

முதற்பாடம்: உண்மையை ஒளித்தது

அம்மாவுக்கு அப்போது 71 வயது. தோட்டம் செய்தவர். வெங்காயம் கட்டும் காலத்தில் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்புபவர். மாசி மாதத்தில் முதுகு நோவென்று படுத்தார். வாதம் என்று எண்ணித் தைலம் பூசினோம். பிறகு கண் மஞ்சளானது. மந்திகையில் காட்டி, அங்கிருந்து யாழ்ப்பாணம், பின்பு தெல்லிப்பழை என்று போனோம். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையைப் பற்றி மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். 2011இல் இந்நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை மக்கள் 27 நாட்கள் நடந்து அதற்கு நிதி சேர்த்தார்கள். அது 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு எங்கள் பகுதி நோயாளர் பலர் மகரகமவரை செல்லவேண்டியிருந்தது.

நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று நானும் கனடாவிலுள்ள தம்பியும் முடிவெடுத்தோம். “அம்மா தாங்கமாட்டா அக்கா” என்றான் தம்பி. எனக்கும் அதுவே சரியெனப்பட்டது. ‘ஈரலிலை கொஞ்சம் வீக்கம்’ என்று அம்மாவிடம் சொன்னோம். ஆறு கிழமைகள் எங்கள் வீட்டில் எல்லோரும் நடித்தோம். வருபவர்களைப் படலையிலேயே மறித்து, என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து உள்ளே விட்டேன்.

ஒருநாள் பின்னேரம் பால்தேத்தண்ணீர் கொண்டுபோனேன். அம்மா சுவர்ப்பக்கம் பார்த்தபடி சொன்னார்:

“பிள்ளை, எனக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் எல்லாரும் முழிக்கிற முழியிலையே தெரியுது. நீங்கள் பயந்துபோவியள் எண்டுதான் நான் கேக்கேல்லை.”

நாங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பேசாதிருந்தோம். அவர் எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பேசாதிருந்தார். ஒரே வீட்டுக்குள் இருந்தும் ஆறு கிழமைகளாக அம்மா தனித்திருந்திருக்கிறார்.

அன்று இரவு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கொஞ்சியை ஒருக்கா வரச்சொல்லு.”

கொஞ்சி என்பது அம்மாவின் தங்கையின் வீட்டுப்பெயர். அடுத்த வளவில்தான் இருக்கிறார். இரண்டு வளவுக்கும் இடையே கிடுகுவேலியில் ஒரு பொட்டு இருந்தது. பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழைந்து போகுமளவு விடப்பட்ட இடைவெளி. யாழ்ப்பாணத்தில் உறவின் அளவுகோல் அது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் எல்லைக் கதியால் நட்டதில் ஒரு முழக் காணிக்காகத் தகராறு வந்தது. பொட்டு அடைக்கப்பட்டது. அன்று தொடக்கம் அவர்கள் பேசவில்லை.

சின்னம்மா மறுநாள் காலை தெருவால் சுற்றிப் படலைக்குள் வந்தார். “அக்கா” என்று மட்டும் சொன்னார். வேலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் சீப்பை எடுத்து அம்மாவின் தலையை வாரத் தொடங்கினார். அரைமணி நேரம் வாரினார். அன்றிரவு அம்மா மூன்று மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொண்டார்.

நாங்கள் இன்னும் சில கிழமைகள் நடித்திருந்தால் அந்தக் காலை வந்திராது. ஆகவே பெற்றோர்களே, நோயாளியிடம் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. “உங்களுக்கு வருத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? இன்னும் அறிய விருப்பமா?” என்று கேளுங்கள். அறிய விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அறிய விரும்புபவருக்குக் கதவை அடைக்கவும் வேண்டாம். கடன், காணி, மன்னிப்பு, வசியத்து என்று ஒவ்வொருவருக்கும் முடிக்கவேண்டிய காரியம் ஒன்று இருக்கும். அதை முடிப்பதற்கான காலம் அவருடையது.

இரண்டாம் பாடம்: மருந்துக்குப் பயந்தது

வலி கூடியபோது வைத்தியர் மோர்பின் குளிசை எழுதினார். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கவேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கொடுக்கவில்லை.

மோர்பின் என்றால் கடைசி மருந்து, கொடுத்தால் ஆள் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அதற்கு அடிமையாகிவிடுவார் என்று இன்னொரு பேச்சு. நான் படித்தவள், ஆசிரியை. என்றாலும் பயந்தேன். இரவில் அம்மா தாங்கமுடியாமல் முனகும்போது மட்டும் பாதிக் குளிசை கொடுத்தேன். இப்படி ஐந்து இரவுகள்.

அடுத்த கிளினிக்கில் தாதி உத்தியோகத்தர் குளிசைகளை எண்ணிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏசவில்லை. “நீங்கள் பயந்திட்டியள், என்ன? எல்லாரும் பயப்பிடுறவை” என்று சொல்லி, ஒரு கதிரையில் இருத்தி விளங்கப்படுத்தினார்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். புற்றுநோய் வலியைத் தணிப்பதற்கான வழிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்டது. இயலுமானவரை வாய்வழியாக, மணிக்கணக்கின்படி, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக என்பவை அதன் அடிப்படைகள். வலி வந்தபின் அதைத் துரத்துவதற்குக் கூடுதலான மருந்து வேண்டும். வலி வருமுன்னே அணை கட்டினால் குறைந்த மருந்தே போதும். வைத்தியர் தீர்மானித்த அளவில் கொடுக்கப்படும் மோர்பின் ஆளைக் கொல்வதில்லை. வலிக்காக முறைப்படி எடுப்பவருக்கு உடல் அம்மருந்துக்குப் பழகும். அது போதைப்பொருளுக்கு அடிமையாவதிலிருந்து வேறானது. முதற்சில நாட்கள் தூக்கமும் ஓங்காளமும் வரலாம், பெரும்பாலும் அவை குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. ஆகவே அதற்குரிய மருந்தைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுக்கவேண்டும். அளவைக் கூட்டுவது, குறைப்பது, திடீரென நிறுத்துவது எதையும் வீட்டார் தாமாகச் செய்யக்கூடாது.

அன்றிலிருந்து மணிக்கூட்டில் அலாரம் வைத்தேன். ஒரு சீ.ஆர். கொப்பியில் நேரம், குளிசை, வலியின் அளவு மூன்றையும் எழுதினேன். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று அம்மா சொல்லுவார். எட்டில் நின்றது மூன்றாம் நாள் மூன்றுக்கு இறங்கியது. அம்மா கட்டிலில் எழும்பியிருந்து, யன்னலால் தோட்டத்தைப் பார்த்து, “மிளகாய்க்குத் தண்ணி விட்டவங்களோ?” என்று கேட்டார். வலி நின்றபின்தான் அம்மா மறுபடி அம்மாவானார். அந்த ஐந்து இரவுகளை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மூன்றாம் பாடம்: எங்கே வைத்துப் பார்ப்பது

வைகாசியில் அம்மா மிகவும் மெலிந்தார். தம்பி தினமும் வீடியோ அழைப்பில் வந்தான். “கொழும்புக்குக் கொண்டுபோங்கோ அக்கா. காசைப் பற்றி யோசியாதேங்கோ” என்று அழுதான். தூரத்தில் இருப்பவரின் அன்பு அப்படித்தான் பேசும். அருகில் இருந்து கழுவித் துடைக்க முடியாதவர் காசால் கழுவப் பார்க்கிறார். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நான் போனை அம்மாவின் கையில் கொடுத்தேன். “தம்பி, நான் இந்தக் கட்டிலிலையே கிடக்கிறன் ராசா. கிணத்தடி தெரியுது, அது காணும்” என்றார். அதன்பின் அவன் கொழும்பைப் பற்றிப் பேசவில்லை. கேள்வியை நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்கவேண்டியவரிடம் கேட்டபோது ஒரு நிமிடத்தில் முடிந்தது.

வீடுதான் எல்லோருக்கும் சிறந்தது என்று கூறமாட்டேன். வலி அடங்காவிட்டால், பார்க்க ஆளில்லாவிட்டால் வைத்தியசாலையே நல்லது. ஆனால் வீடு என்று முடிவெடுத்தால் வீட்டாருக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கற்பிக்கப்பட்டவை இவை:

படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும். சிவந்த இடத்தை உரசித் தேய்க்கக்கூடாது. விரிப்பில் மடிப்பு விழக்கூடாது.

வாயை அடிக்கடி ஈரத்துணியால் துடைத்து உதட்டுக்கு எண்ணெய் பூசவேண்டும். குடிக்க முடியாதவருக்கு அது பெரிய ஆறுதல்.

உணவை வற்புறுத்தக்கூடாது. இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ‘ஒரு கரண்டி, ஒரேயொரு கரண்டி’ என்று கஞ்சிக் கோப்பையோடு நின்றிருக்கிறேன். நோயாளி உண்ணாததால் இறப்பதில்லை, உடல் தன் வேலைகளை நிறுத்திக்கொண்டு வருவதால் உணவு வேண்டாமற் போகிறது என்று தாதி சொன்னபிறகே கோப்பையை வைத்தேன். திணித்தால் புரைக்கேறும்.

பார்க்க வருபவரை வரவேற்கலாம், ஆனால் நேரம் குறிக்கலாம். நோய் விசாரிப்பது உங்கள் வீடுகளில் ஒரு கடமையாகவே பேணப்படுகிறது. அது நல்ல வழக்கம். போகும்போது நோயாளி முன்னிலையில் பிற மரணங்களைப் பேசாதீர்கள். முடிந்தால் அந்த வீட்டாருக்கு ஒரு நேரச் சமையல் செய்து கொடுங்கள், அல்லது இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து வீட்டுக்காரியை நித்திரை கொள்ள விடுங்கள்.

நான்காம் பாடம்: முடிவு எப்படி வரும்

எவரும் முன்கூட்டிச் சொல்லாததால் வீட்டார் அதிகம் பதறுவது இந்த இடத்தில்தான். கடைசி நாட்களில் நோயாளி பெரும்பாலும் உறங்குவார். கைகால் குளிரும், தோலின் நிறம் மாறும். சிறுநீர் குறையும். மூச்சு வேகமாகி, பிறகு சில கணம் நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் சளி இரையும் சத்தம் கேட்கலாம். அது எங்களுக்குக் கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் நினைவிழந்து கிடப்பவரை அது வருத்துவதாகத் தெரியவில்லை என்பதே வைத்தியர்களின் கருத்து. பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தால் குறையும். அவர் விடை சொல்லாவிட்டாலும் காதில் விழுகிறது என்று எண்ணியே அவரருகில் பேசவேண்டும்.

ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை. இரண்டு இரவு கண்விழித்திருந்த என்னைச் சின்னம்மா குசினிக்கு அனுப்பினார். “போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வா பிள்ளை, நான் இருக்கிறன்.” கேத்தில் கொதிக்குமுன் அவர் கூப்பிட்டார். நான் வந்தபோது அம்மா போய்விட்டார். அவருடைய கை சின்னம்மாவின் கைக்குள் இருந்தது.

நான்கு மாதம் பக்கத்தில் இருந்துவிட்டு அந்த ஒரு நிமிடத்தில் இல்லாமற் போனேனே என்று நீண்டநாள் அழுதேன். பின்னர் அதே தாதி சொன்னார், பிள்ளைகள் எழும்பிப்போன நேரம் பார்த்துப் போகிறவர்கள் பலரைத் தான் கண்டிருப்பதாக. இன்று அதை நான் வேறுவிதமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரம் சின்னம்மாவுக்கு உரியது.

அந்தியேட்டி முடிந்த கிழமை, சின்னம்மாவின் மகன் கத்தியோடு வந்து அடைத்த பொட்டைத் திறந்துவிட்டான்.

மாணவிகள் செய்யக்கூடியது

உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுவதாகவும், அவர்களுள் நூற்றுக்கு 14 பேர் வரைதான் அதைப் பெறுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பணக்கார நாட்டுக்கே உரிய வசதி இது என்று எண்ணவேண்டாம். அருகிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வைத்தியர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் சிறிய அளவில் ஒரு வலிநிவாரண அமைப்பைத் தொடக்கினர். வைத்தியசாலைக்கு வர இயலாத நோயாளரின் வீட்டுக்குச் செல்லவேண்டும் என்ற நிலை வந்தபோது ஊர்மக்களே பயிற்சி பெற்று முன்வந்தனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் இவ்வியக்கம் வேரூன்றிச் செழித்தது. கல்லூரி மாணவ மாணவியரும் தொண்டர்களாயினர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையொன்றை வகுத்தது. எங்கள் நாட்டிலும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்றைச் சுகாதார அமைச்சு வெளியிட்டது. கொள்கை தாளில் இருந்தால் போதாது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஆட்கள் வேண்டும். உங்களில் சிலர் தாதியராகவும் வைத்தியர்களாகவும் வருவீர்கள். மற்றவர்கள் நல்ல அயலவர்களாக வரலாம்.

இனி அந்த மாணவிக்கு. மகளே, நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். வாப்பாவின் வலியை முதலில் அடக்கச் சொல்லி வைத்தியரிடம் கேள், கூச்சப்படாமல் கேள். மருந்து நேரத்தைக் கொப்பியில் எழுது. உன் உம்மாவை நாளில் இரண்டு மணித்தியாலமாவது தூங்கவிடு. வாப்பாவுக்கு என்ன விருப்பம், யாரைப் பார்க்க ஆசை என்று அவரிடமே கேள். பிறகு பக்கத்தில் இரு. பேச ஒன்றுமில்லாவிட்டால் தலையை வாரிவிடு.

ஒப்படையை ஆறுதலாகத் தரலாம்.